சின்னக் காருக்குப் பெரிய ராலி விங்: முதலில் பூட் கதவைப் பாருங்கள்

பெரிய ராலி விங் (காற்றின் விசையால் வண்டியைக் கீழே அழுத்தும் பின்சிறகு) மாட்டிய சின்னக் கார் ஒன்றை ஓராண்டு கழித்துக் கிட்டப் போய்ப் பாருங்கள். விங் அப்படியே இருக்கும். அது நிற்கிற பூட் கதவில்தான் போல்ட்டைச் சுற்றி நூல் நூலாகப் பெயின்ட் வெடித்திருக்கும். வெடிப்பிலிருந்து பழுப்புக் கோடு ஒன்று கீழே வழிந்திருக்கும். டர்பனில் மெரிபேங்க், இசிபிங்கோ பக்கம் கடல்காற்றில் நிற்கிற வண்டி என்றால் ஓராண்டுகூடத் தேவையில்லை. கதவைத் திறந்தால் முக்கால்வாசி ஏறி நின்று, மெதுவாக இறங்கி வந்து தலையில் தட்டும்.

அதனால் இங்கே விங்கைவிடக் கதவைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறோம். 1984 முதல் 2009 வரை யூட்டன்ஹேகில் கட்டிய ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப் ஆகட்டும், நம் டர்பன் ப்ராஸ்பெக்டன் ஆலையிலிருந்து வந்த டொயோட்டா டாஸ் ஆகட்டும், மேலே கீல் வைத்த பின்கதவு உள்ள எந்த ஹாட்ச்பேக்குக்கும் வேலை ஒன்றுதான். கணக்குப் போட சிட்டி கோல்ஃபை எடுத்துக்கொள்வோம். அதன் முன் பின் அச்சுகளுக்கு இடையே 2,400 மி.மீ.

காற்று எவ்வளவு அழுத்தும்?

1.2 மீட்டர் அகலம், 200 மி.மீ. ஆழம் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை) உள்ள நல்ல வடிவ விங் ஒன்று, கலங்காத காற்று கிடைத்தால், 120 கி.மீ. வேகத்தில் சுமார் 13 கிலோ அழுத்தும். அழுத்தம் வேகத்தின் இருமடிப்படி ஏறுவதால், 60 கி.மீ.யில் அது 3 கிலோ சொச்சம்தான். 120-இல் அது பின்னுக்கு இழுக்கும் விசை ஏறக்குறைய 3 கிலோ. அதைத் தள்ளிக்கொண்டு போக எஞ்சினுக்கு ஒரு கிலோவாட்டுக்குச் சற்று மேல் செலவு, அதாவது கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்சாரத்தில் பாதி.

இந்த வண்டிகள் முன்சக்கரத்தில் இழுப்பவை. விங் பின் அச்சுக்கும் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. நெம்புகோல்போலப் பின்பக்கத்தை அழுத்தும்போது முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கும். மேலே சொன்ன அளவில், 120-இல் பின்சக்கரங்கள் 17 கிலோ கூடுதலாகச் சுமக்கும். முன்சக்கரங்கள் 4 கிலோ இழக்கும். தெருவில் இது கைக்குத் தெரியாது. ஸ்வார்ட்காப்ஸ், கில்லார்னி மாதிரி ட்ராக்கில் 160-ஐத் தொடுகிறவர்களுக்கு வளைவில் முன்பக்கம் வெளியே ஓடுவது தெரியும். அப்போது விங்கைக் குறை சொல்லாமல் முன்பம்பருக்குக் கீழே ஒரு ஸ்ப்ளிட்டர் (முன்னால் நீட்டி நிற்கும் தட்டையான தகடு) வைக்க வேண்டும்.

ராலி வண்டிகளில் இவ்வளவு பெரிதாக வைப்பதற்குக் காரணம் வேறு. அவை நான்கு சக்கரத்திலும் இழுப்பவை. மண் பாதையில் பாதி நேரம் பக்கவாட்டில் சரிந்தே ஓடுபவை. விங்கின் ஓரப் பலகைகளும் நடுவில் நிற்கும் செங்குத்துத் தகடுகளும் படகின் அடிக்கட்டைபோல வாலைப் பிடித்து நேராக்கும். 1992-இல் வந்த ஃபோர்டு எஸ்கார்ட் ஆர்எஸ் காஸ்வொர்த்தின் இரட்டை அடுக்கு விங் எல்லாருக்கும் நினைவிருக்கும். 2017-இல் உலக ராலி விதிகள் தளர்ந்ததும் சிறகுகள் இன்னும் பெருத்தன. நம் வண்டியில் அது பெரும்பாலும் அழகுக்குத்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; அழகுக்கு வைத்தது பின்னால் வருகிறவர் கண்ணாடியில் பறந்து போய் விழாமல் இருந்தால் போதும்.

இதையும் கணக்கில் வையுங்கள். விங், அதைத் தாங்கும் கால்கள், தகடுகள் எல்லாம் சேர்ந்து 5 கிலோ என்று கொள்வோம். சக்கரம் பள்ளத்தில் விழும்போது பின்பக்கம் ஒரு கணம் ஐந்து மடங்கு எடையோடு அடி வாங்கினால், அந்த 5 கிலோ 25 கிலோ ஆகிவிடும். சாட்ஸ்வர்த் தெருக்களின் ஸ்பீட் ஹம்ப்கள், மழைக்குப் பிறகு பிளக்கும் பள்ளங்கள், ஒவ்வொரு முறையும் அறைந்து மூடும் பூட் கதவு, இவைதான் போல்ட்டைத் தின்கின்றன. ஃப்ரீவேயில் வீசும் காற்று இவற்றோடு ஒப்பிட்டால் சாது.

எதை வாங்குவது, எங்கே நிறுத்துவது

ஃபைபர்கிளாஸ் விங் மலிவு, வெட்டி ஒட்டலாம், 3 முதல் 5 கிலோ இருக்கும். வாங்குமுன் இரு முனையையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். சுலபமாக முறுகினால் உள்ளே ஒன்றுமில்லை என்று அர்த்தம். கால் பொருந்தும் இடத்தை விரலால் தட்டினால் கெட்டியான சத்தம் வர வேண்டும். ‘டொப் டொப்’ என்றால் அந்த இடம் வெற்று; போல்ட்டை இறுக்கினால் நொறுங்கும். அலுமினிய விங் முறுகாது, ஆனால் அதன் பின்விளிம்பு கத்திபோல இருக்கும். ரப்பர் விளிம்பு போடாமல் தெருவில் ஓட்டக் கூடாது. கார்பன் மாதிரி ஸ்டிக்கர் ஒட்டிய ஃபைபர்கிளாஸுக்கு கார்பன் விலை கொடுக்காதீர்கள்.

தலைகீழாக மாட்டிய விங்கையும் தெருவில் பார்க்கலாம். சரியாக மாட்டினால் தடித்த உருண்டை விளிம்பு முன்னால், மெல்லிய விளிம்பு பின்னால். குழிந்த பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும், புடைத்த பக்கம் தரையை. ஆகாய விமானச் சிறகைக் கவிழ்த்த மாதிரி.

இடம் இரண்டு உண்டு: பின்கண்ணாடிக்கு மேலே, கீலுக்கு அருகில்; அல்லது கண்ணாடிக்குக் கீழே, உயரமான கால்களில். மேலே வைப்பதுதான் எங்கள் கட்சி. கீழே வைத்தால் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்ப்பதற்குக் குறுக்கே கால் நிற்கும், பிரேக் விளக்கை மறைக்கும் வாய்ப்பு உண்டு, கதவின் எடையும் அதிகமாகத் தெரியும். கீலிலிருந்து 25 செ.மீ. தள்ளி இருக்கும் 5 கிலோவைத் தூக்க, கதவைத் தூக்கிப் பிடிக்கும் காஸ் ஸ்ட்ரட்டுக்கு ஏறக்குறைய 60 நியூட்டன் கூடுதல் போதும். அதே 5 கிலோ 75 செ.மீ. தள்ளி இருந்தால் 185 நியூட்டன். ஸ்ட்ரட் கதவைத் தள்ளும் நெம்புகோல் நீளம் 20 செ.மீ. என்று வைத்த கணக்கு இது. உங்கள் வண்டியில் அளந்து பாருங்கள்.

மேலே வைப்பதில் ஒரு பொறி இருக்கிறது. கதவு திறக்கும்போது விங் முன்னோக்கிச் சுழன்று கூரையை நோக்கி வரும். விங்கின் எந்தப் பாகமும் கீலின் நேர் மேலே உள்ள கோட்டைத் தாண்டி முன்னால் நீட்டியிருக்கக் கூடாது. முன்விளிம்பு கீலுக்கு 5 செ.மீ. பின்னாலும் 20 செ.மீ. மேலேயும் இருந்தால், கதவு 85 டிகிரி திறந்த நிலையில் கூரைக்கு மேலே 6, 7 செ.மீ. இடைவெளி மிஞ்சும். அதே விளிம்பு 5 செ.மீ. முன்னால் இருந்தால் கூரையில் குழி விழும். முதல் நாளே விழும், அதுவும் பெயின்ட் காயுமுன்.

எனவே டிரில்லைத் தொடுமுன் அட்டையை எடுங்கள். ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில் விங்கின் பக்கவாட்டு வடிவத்தை நிஜ அளவில் வெட்டி, கால்கள் வரும் இரண்டு இடத்திலும் மாஸ்கிங் டேப்பால் ஒட்டி, கதவை மெதுவாக முழுக்கத் திறந்து பாருங்கள். ஏரியல் தட்டுகிறதா? பின் வைப்பர், வாஷர் குழாய் முட்டுகிறதா? பிறகு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து உள்கண்ணாடியில் பாருங்கள். பின்னால் வரும் பக்கியின் (பிக்-அப் வண்டியின்) முன்விளக்குகள் முழுதாகத் தெரிய வேண்டும். விங்குக்கும் கூரைக்கும் இடையே ஏறக்குறைய விங்கின் ஆழம் அளவு இடைவெளி விடுங்கள், 200 மி.மீ. ஆழ விங்குக்கு 200 மி.மீ. அதைவிடத் தாழ்ந்தால் கூரையை உரசி வரும் சோம்பல் காற்றுதான் கிடைக்கும். அகலம் வண்டியின் உடம்பைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு பக்கமும் 50 மி.மீ. உள்ளேயே நிறுத்துங்கள்.

வண்டி சாலைக்குத் தகுதியானதா என்று பார்க்கும் ரோட்வர்தி டெஸ்ட் ஸ்டேஷனில் அட்டை மாதிரியின் படத்தைக் காட்டி முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. வண்டி கைமாறும்போது ரோட்வர்தி சான்றிதழ் தேவைப்படும். அன்றைக்குக் கழற்றச் சொன்னால் எட்டு துளைகள் உங்களைப் பார்த்துச் சிரிக்கும். காப்பீட்டுக்காரருக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். போனில் சொன்னதை மட்டும் நம்பியிருக்காதீர்கள்.

வேண்டிய சாமான்

எம்6 × 30 போல்ட் எட்டு, காலுக்கு நான்கு வீதம். கடலோரத்தில் இருப்பவர்கள் ஏ4 தர ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். நைலான் வளையம் உள்ள லாக் நட் எட்டு, கூடுதலாக நான்கு. ஒருமுறை கழற்றியதைத் திரும்பப் போடாதீர்கள். 25 மி.மீ. அகல வாஷர் எட்டு. கதவின் உள்ளே போல்ட்டின் விசையைப் பரப்ப 3 மி.மீ. அலுமினியத் தகடு, காலின் அடியைவிட எல்லாப் பக்கமும் 15 மி.மீ. பெரிதாக வெட்டிய இரண்டு துண்டு. மூலைகளை உருட்டிவிடுங்கள், கூர்மூலை இருந்தால் வெடிப்பு அங்கேதான் தொடங்கும். 3 மி.மீ. ஈபிடிஎம் ரப்பர் ஷீட். சிக்காஃப்ளெக்ஸ் வகைப் பாலியூரித்தேன் சீலன்ட் ஒரு குழாய். துத்தநாகப் ப்ரைமர், டச்-அப் பெயின்ட், உட்குழிவுக்கு அடிக்கும் மெழுகு ஸ்ப்ரே. விங்கின் கால் வெற்றாக இருந்தால், போல்ட் நுழையும் அளவு அலுமினியக் குழல் எட்டுத் துண்டு.

குளியலறை சிலிக்கான் வேண்டவே வேண்டாம். வினிகர் வாசனை வருகிறதே, அது அமிலம். வெறும் இரும்பில் பட்டால் உள்ளேயே துருவை விதைத்துவிடும். அதன்மேல் பெயின்ட்டும் ஒட்டாது.

துளைபோடுவது

கதவின் உட்பக்க ட்ரிம்மைக் கழற்றுங்கள். பின்கண்ணாடிச் சூடேற்றியின் வயர், வைப்பர் மோட்டார், விளக்கு வயர் எங்கே ஓடுகின்றன என்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கதவின் வெளித்தோல் ஒரு மில்லிமீட்டரும் இராத தகடு. அதன் பின்னால் மடித்த உள்ச்சட்டம் இருக்கிறது. நான்கு போல்ட்டில் குறைந்தது இரண்டு அந்தச் சட்டத்தையும் பிடிக்கும்படி காலின் இடத்தைச் சில மில்லிமீட்டர் நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள். அந்த ஒரு நகர்த்தல் ஐந்து வருட ஆயுளைக் கூட்டும் என்பது எங்கள் எண்ணம்.

காலின் அடி கதவின் வளைவோடு பொருந்த வேண்டும். பொருந்தாத காலை இறுக்கினால் தோல்தான் வளைந்து கொடுக்கும். கதவில் மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு ஒட்டி, அதன்மேல் 80 நம்பர் உப்புத்தாளை சொரசொரப்பு மேலே பார்க்க ஒட்டுங்கள். இப்போது விங்கின் காலை அதே இடத்தில் வைத்து முன்னும் பின்னும் 2 செ.மீ. மட்டும் தேயுங்கள். ஃபைபர்கிளாஸ் கதவின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

காலை வைத்து துளையின் இடங்களைக் குறியுங்கள். சென்டர் பஞ்ச்சால் லேசாக ஒரு தட்டு. 3 மி.மீ. பிட்டால் முதலில், பிறகு 6.5. பிட்டில் 10 மி.மீ. மட்டும் தெரியும்படி மரத்துண்டு ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். திடீரென்று உள்ளே பாய்ந்தால் கண்ணாடியோ வயரோ போச்சு. பின்கண்ணாடி கெட்டிப்படுத்தியது, ஒரு சின்ன அடியில் மொத்தமும் உப்புப்போல உதிரும். அதில் எதையும் துளைக்கவோ ஒட்டவோ கூடாது.

துளையின் ஓரத்தை அரத்தால் வழித்து, இரும்புத்தூளைக் காந்தத்தாலும் வாக்குவம் க்ளீனராலும் ஒன்றுவிடாமல் எடுங்கள். டர்பன் காற்றில் இரண்டு இரவு கிடந்தால் ஒவ்வொரு துகளும் பெயின்ட்டில் பழுப்புப் புள்ளியாக ஊறிவிடும். துளையின் விளிம்பு முழுக்க இரண்டு கோட் ப்ரைமர், காய்ந்ததும் பெயின்ட். அவசரப்பட்டு இந்த இடத்தைத் தாண்டிப் போகிறவர்கள்தான் ஆறு மாதத்தில் பேனல் பீட்டரிடம் (வண்டியின் உடம்புத் தகட்டைச் சரிசெய்பவரிடம்) வருகிறார்கள்.

பொருத்துவது

தகட்டைக் கதவின் இரண்டு தோலுக்கு நடுவே நுழைப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும். மெல்லிய கம்பி ஒன்றைத் துளை வழியாக உள்ளே விட்டு, ட்ரிம்முக்குப் பின்னால் இருக்கும் பெரிய வழியில் வெளியே இழுங்கள். அதில் தகட்டைக் கட்டி, துளையிலிருந்து திரும்ப இழுத்தால் தகடு தானாக இடத்துக்கு வரும். கை நுழையவே வழியில்லை என்றால் ரிவ்நட் (வெளியிலிருந்தே துளையில் நசுக்கிப் பொருத்தும் நட்) போடலாமே என்று தோன்றும். வேண்டாம். இவ்வளவு மெல்லிய தகட்டில் ரிவ்நட் முதலில் சுழலும், பிறகு கிழித்துக்கொண்டு வரும்.

அலுமினியத் தகடும் இரும்புக் கதவும் உப்புக் காற்றில் நேராகத் தொட்டால் அலுமினியம் அரித்துப்போகும். தகட்டுக்குப் பெயின்ட் அடித்து, இடையே சீலன்ட் தடவுங்கள். வெளியே, காலுக்கும் கதவுக்கும் நடுவே ரப்பர். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் சீலன்ட் ஒரு வளையம். ஸ்டெயின்லெஸ் போல்ட்டின் மரையில் துளி க்ரீஸ் தடவுங்கள், இல்லாவிட்டால் பாதியில் நட்டோடு ஒட்டிக்கொண்டு முன்னேயும் போகாது பின்னேயும் வராது. குறுக்குவாட்டில் மாற்றி மாற்றி இறுக்கி, 5 நியூட்டன்-மீட்டரில் நிறுத்துங்கள். ரப்பர் ஓரத்தில் பிதுங்கினால் அதிகமாகிவிட்டது.

சீலன்ட் ஒரு நாளைக்கு 3 மி.மீ. அளவே காயும். அடுத்த நாள் வரை கழுவவும் கூடாது, கதவை அறைந்து மூடவும் கூடாது. காய்ந்ததும் உள்ளே மெழுகு அடியுங்கள். கதவின் அடி ஓரத்தில் தண்ணீர் வடியும் சின்னத் துளைகளை மெழுகு அடைத்துவிடாமல் பாருங்கள்.

ராலி வண்டியைப் பார்த்துவிட்டு விங்கிலிருந்து கம்பி இழுத்துக் கட்ட ஆசைப்படுவார்கள். கம்பியின் இரண்டு முனையும் கதவிலேயே முடிய வேண்டும். ஒரு முனை கதவில், மறுமுனை கூரையில் என்றால் பூட் இனித் திறக்காது.

ஸ்ட்ரட்டும் ரப்பர் முட்டும்

பழைய காஸ் ஸ்ட்ரட்டின் குழாயில் 300N, 350N என்று எண் அச்சடித்திருக்கும். பதினைந்து வருடமான ஸ்ட்ரட் அந்த அளவு தள்ளாது என்பதால் விங் மாட்டாவிட்டாலும் மாற்ற வேண்டியதுதான். மேலே வைத்த விங்குக்கு இரண்டு ஸ்ட்ரட் என்றால் ஒவ்வொன்றிலும் 30 முதல் 50 நியூட்டன் கூட்டினால் போதும். வலுவாக இருக்கட்டும் என்று இரட்டிப்பாக வாங்காதீர்கள், கதவின் கீழ்ப்பகுதி வளைந்து ஓரம் பிளந்து நிற்கும். ஒரே பக்கம் மட்டும் ஸ்ட்ரட் உள்ள வண்டியில் கதவு முறுகும். அதிலும் குறைவாகவே கூட்டுங்கள். மாற்றும்போது கதவுக்கு உதைகட்டை கொடுங்கள், ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பது போதாது.

கதவின் மூலைகளில் உள்ள ரப்பர் முட்டுகளை அரைச் சுற்று வெளியே திருகினால் மூடிய கதவு நடுங்காது. கதவு நடுங்கினால் விங் ஆடும், விங் ஆடினால் போல்ட் தளரும்.

சோதனை

கதவை மூடி, விங்கின் நடுவுக்கும் கூரைக்கும் உள்ள உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். துண்டு ஒன்றை விரித்து, 10 கிலோ அரிசிப் பை இரண்டும் 5 கிலோ மீலி மீல் (சோள மாவு) பை ஒன்றும் ஒவ்வொன்றாக அகலம் முழுக்கப் பரப்பி வையுங்கள். காதை வைத்துக் கேளுங்கள்; நெரியும் சத்தம் வந்தால் எடுத்துவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து இறக்கி மறுபடி அளங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் என்றால் ஏதோ நகர்ந்திருக்கிறது. பிறகு பெட்டி நிறுக்கும் தொங்கு தராசால் ஒவ்வொரு முனையையும் 10 கிலோ வரை மேலே இழுத்துப் பாருங்கள்.

கோணம் முதலில் தரைக்கு இணையாகவே இருக்கட்டும். கூரையிலிருந்து காற்று கீழ்நோக்கி இறங்கித்தான் விங்கை அடைகிறது, ஆகவே சமமாக வைத்த விங்கும் அதற்குச் சாய்ந்த விங்தான். 10 செ.மீ. கம்பளி நூல் இருபது துண்டு வெட்டி, விங்கின் அடிப்பக்கத்தில் டேப்பால் ஒட்டுங்கள். N2 ஃப்ரீவேயில் 80-இல் போகும்போது பின்னால் வரும் வண்டியின் பயணி படம் பிடிக்கட்டும், ஓட்டுகிறவர் வேண்டாம். நூல் எல்லாம் நேராகப் பின்னோக்கிப் படுத்திருந்தால் சரி. தட்டாமாலை சுற்றினால் அங்கே காற்று பிரிந்துவிட்டது. கோணத்தை இரண்டு டிகிரி குறையுங்கள். விசில் சத்தம் வந்தால் காலுக்கும் விங்குக்கும் நடுவே எங்காவது இடுக்கு இருக்கும், டேப் ஒட்டி ஒட்டிக் கண்டுபிடிக்கலாம்.

50 கி.மீ. ஓடியதும் ஒருமுறை, 500-இல் ஒருமுறை நட்டுகளைப் பாருங்கள். முதல் நாளே ஒவ்வொரு நட்டின் மேலும் தகட்டின் மேலும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்து வைத்தால், ஸ்பேனர் இல்லாமலே டார்ச் அடித்து, கோடு உடைந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

விங்கைக் கைப்பிடியாக நினைத்துக் கதவை இழுத்து மூடுவார்கள். காவடி அன்று கோயில் வாசலில் பூட்டிலிருந்து பால்குடமும் தேங்காய்க் கூடையும் இறக்கிவிட்டு, பெரியம்மா கைக்கு எட்டுவதைப் பிடித்து ஓங்கி மூடுவார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கதவின் கீழ் ஓரத்தில், உட்பக்கமாக, ஒரு துணிப் பட்டைக் கைப்பிடி மாட்டிவிடுங்கள். தொங்குவது கண்ணில் பட்டால் கை தானாக அங்கே போகும்.

பெயின்ட்டில் மயிர்க்கோடு தெரிந்தால் அதன்மேல் பெயின்ட் பூசாதீர்கள். விங்கைக் கழற்றி, கோடு தகட்டிலும் இருக்கிறதா என்று சுரண்டிப் பாருங்கள். தகடு வெடித்திருந்தால் வெடிப்பின் நுனியில் 3 மி.மீ. துளை ஒன்று போடுங்கள், அதற்குமேல் ஓடாது. ப்ரைமர் அடித்து, உள்ளே இருந்த தகட்டைவிட இருமடங்கு பெரியதைப் போட்டு மறுபடி மாட்டலாம். இரண்டாவது முறையும் வெடித்தால் அந்தக் கதவு போய்விட்டது. ஸ்க்ராப்யார்டில் துரு ஏறாத கதவாகப் பார்த்து வாங்கி, அதில் உள்ச்சட்டத்தைப் பிடித்து முதலிலிருந்து தொடங்குங்கள். பழைய கதவை எறிந்துவிடாதீர்கள், துளைபோடும் இடத்தை அதில் முதலில் பழகிக்கொள்ளலாம்.